செட்டிநாட்டு வீட்டுச் சுவத்துக்கு பிளீச்சிங் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

எங்க வீட்டு முகப்புல நிலைக்கு மேல கஜலட்சுமி சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்துல செஞ்ச சிற்பம் இருக்கு, ரெண்டு பக்கமும் யானை. இடது பக்கத்து யானையோட நீலம் இன்னும் அப்படியே இருக்கு, வலது பக்கத்து யானை மட்டும் பிளீச்சு பட்டு வெளுத்துப் போய் திட்டுத்திட்டா நிக்கும். வீட்டைப் பாக்க வர்றவங்க எல்லாரும் ஏன் இப்படின்னு கேக்குறாங்க, ஒவ்வொரு தடவையும் சொல்றேன், இங்க ஒருதடவை முழுசா எழுதி வச்சிட்டா நாலு பேருக்காவது உதவும்னு தோணுச்சு.

எங்க ஊரு காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவுல. ஐயாவோட அப்பச்சி (தாத்தாவோட அப்பா) பர்மாவுக்கு கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போன காலத்துல கட்டுன வீடு, இப்ப அஞ்சு பங்கு, வருஷத்துல முக்காவாசி நாள் பெரியாத்தா மட்டும்தான் அங்க இருக்காக. மூணு வருஷம் முன்னாடி சித்திரையில எங்க அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்தி, வயசு நிறைஞ்சதுக்குச் செய்யற விசேஷம், வச்சிருந்தோம், பங்காளிக எல்லாரும் மலேசியால இருந்தும் பெங்களூர்ல இருந்தும் வர்றதா இருந்துச்சு. மாசியில போய் பாத்தா முகப்பு முழுக்க கறுப்பு. ஐப்பசி கார்த்திகை மழையில கூரைத் தண்ணி வழிஞ்ச தடமெல்லாம் மை ஊத்துன மாதிரி கோடு கோடா இறங்கியிருந்துச்சு. பெயிண்ட் அடிக்க நாள் இல்ல, ஆளும் கிடைக்கல. கழுவி விட்டா போதும்னு ஒரு கிளீனிங் காண்ட்ராக்டரைப் பிடிச்சேன், அவரு "ஹைப்போ அடிச்சா ஒரே நாள்ல பால் மாதிரி ஆயிரும்ணே"ன்னாரு. ஹைப்போன்னா சோடியம் ஹைப்போகுளோரைட்டு, தண்ணியா வர்ற பிளீச்சு. கொரோனா நேரத்துல தெருத்தெருவா அடிச்சாங்கள்ல, அதுதானேன்னு நானும் சரின்னுட்டேன்.

இந்த இடத்துலதான் நிறையப் பேரு ஏமாறுறோம்னு நினைக்கிறேன். கவர்மெண்டே அடிச்சது, அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு தைரியம். ஆனா ஆளுங்க மேல அதை அடிக்கவே கூடாதுன்னு 2020 ஏப்ரல்ல மத்திய சுகாதார அமைச்சகமே அறிவிப்பு விட்டுச்சு, கண்ணு, தோலு, மூச்சுக்குழாய் எல்லாத்தையும் பாதிக்கும்னு. அந்த அறிவிப்பு எனக்கு அப்ப கண்ணுலயே படல.

வந்தது லேபிள் இல்லாத பெரிய நீலக் கேன். கடையில பாட்டில்ல விக்கிற பிளீச்சு பொதுவா 4, 5 சதவீதம் இருக்கும், இப்படி கேன்ல வர்ற சோடியம் ஹைப்போகுளோரைட்டு 10ல இருந்து 12 சதவீதம் வரைக்கும் வரும். அதை பாதிக்குப் பாதி தண்ணி கலந்து ஸ்பிரேயர்ல ஊத்துனாங்க, அப்படின்னா சுவத்துல பட்டதே 5, 6 சதவீதம், கடையில வாங்குறதை தண்ணியே கலக்காம அப்படியே ஊத்துன மாதிரி. தரை துடைக்கிறவங்களே அதைப் பத்து மடங்கு தண்ணியில கலந்துதான் துடைப்பாங்க. நான் கேட்டிருக்கணும், கேன்ல என்ன இருக்கு, எத்தனை சதவீதம், எவ்வளவு தண்ணி கலக்குறீங்கன்னு. கேக்கல.

அடிக்க அடிக்க கறுப்பு மறைஞ்சுச்சு, அது உண்மை. அஞ்சு நிமிசத்துல கண்ணு முன்னாடி வெள்ளையாச்சு, நானே போட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டேன், எல்லாரும் சூப்பர்னு சொன்னாக. பெரியாத்தா மட்டும் திண்ணையில உக்காந்து முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டு "இது என்னடா நெடி, கிணத்துக்குப் போற வாய்க்காலை அடைச்சீகளா இல்லியா"ன்னு கேட்டாக. நான் அதுவரைக்கும் யோசிக்கவே இல்ல. எங்க பக்கத்து வீடுகள்ல கூரை மழைத்தண்ணி வளவு முத்தத்துல (வீட்டுக்கு நடுவுல இருக்கிற திறந்த முற்றம்) விழுந்து அங்கருந்து கிணத்துக்கோ தெரு வழியா ஊருணிக்கோ போற மாதிரிதான் அந்தக் காலத்துல வச்சிருக்காங்க, மழை குறைச்சலான சீமை, ஒரு சொட்டு வீணாக்க மாட்டாங்க. முகப்புல அடிச்சது வாட்டம் பாத்து எங்கெங்கயோ ஓடிருச்சு. ஓடிப்போய் சாக்கையும் மண்ணையும் போட்டு கிணத்து வாய்க்கால் வாயை அடைச்சோம், அதுக்கு மட்டும்தான் அப்ப நேரம் இருந்துச்சு. வாசல்ல இருந்த ரெண்டு செம்பருத்தியும் மல்லிகைப் பந்தலும் நாலு நாள்ல கருகிப் போச்சு, தெருவோரமா ஓடுனது ஊருணி வரைக்கும் போகலைன்னு பக்கத்து வீட்டுக்காரங்க நடந்து போய் பாத்துட்டு வந்து சொன்னாங்க. மீனும் தவளையும் சாகுறதுக்கு குளோரின் ரொம்பக் கொஞ்சம் போதும்.

மத்தியானம் நடந்ததுதான் இன்னும் தூக்கத்துல வருது.

எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரு முடுக்கு, ரெண்டு ஆள் ஒட்டி நடக்கலாம், ரெண்டு பக்கமும் உசந்த சுவரு, காத்தே போகாது. மேல அடிச்ச ஹைப்போ வழிஞ்சு அங்க தேங்கி நின்னுருக்கு. தரையில பழைய துருக்கறை இருந்துச்சுன்னு காண்ட்ராக்டர் தன்கிட்ட வேலை பாக்குற ஒரு பையன்கிட்ட பாத்ரூம் ஆசிட் பாட்டிலைக் குடுத்து தேய்க்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. பையனுக்கு இருபது வயசு இருக்கும், முகத்துல ஒரு கைலித்துணி கட்டியிருந்தான், அவ்வளவுதான். ஊத்துன உடனே நுரைச்சுக்கிட்டு மஞ்சப் பச்சையா ஒரு புகை கிளம்பியிருக்கு, அவன் குனிஞ்சு தேய்ச்சுக்கிட்டு இருந்தவன் அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். இருமல் சத்தம் கேட்டு நாங்க ஓடினப்ப முடுக்கு வாசல்லயே எங்களுக்கு தொண்டை அடைச்சுச்சு, கண்ணு திறக்க முடியல. கூட வந்திருந்த இன்னொருத்தர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போய் கக்கத்துல கை குடுத்து இழுத்துட்டு வந்துட்டாரு, அவருக்கும் ரெண்டு நாள் நெஞ்சு எரிச்சல் இருந்துச்சு. அப்படி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு போறதும் ஆபத்துதான், உள்ள போனவரும் விழுந்திருந்தா ரெண்டு பேரு போயிருப்பாங்க. ஆனா அந்த நிமிசத்துல யாரு நிக்க முடியும்.

பிளீச்சும் ஆசிட்டும் சேந்தா குளோரின் வாயு வரும். 1915ல முதல் உலகப் போர்ல பெல்ஜியத்துல ஈப்ரு பக்கத்துல எதிரிப் படை மேல திறந்து விட்டது இதே வாயுதான். காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், அதனால மேல போகாது, பள்ளத்துலயும் சந்துலயும் தரையோட தங்கும். குனிஞ்சு வேலை செய்யறவன் மூக்கு சரியா அங்கதான் இருக்கும். அவனை வெளிய கொண்டு வந்ததும் காத்து வர்ற பக்கமா மேட்டுல உக்கார வச்சு, சட்டையைக் கழட்டி, கண்ணையும் உடம்பையும் நிறைய தண்ணி விட்டு கழுவுனோம், இருபது நிமிசம் கழுவணும்னு போன்ல ஒரு சொந்தக்கார டாக்டர் சொன்னாரு. பாலு குடு, வாந்தி எடுக்க வைன்னு அங்க நின்னவங்க சொன்னதை எதையும் செய்யல. ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜனும் நெபுலைசரும் வச்சாங்க, சாயங்காலம் அவன் நல்லாத்தான் இருக்கேன்னு எந்திரிச்சான், ஆனா டாக்டர் விடல, நுரையீரல்ல நீர் கோக்குறது பல மணி நேரம் கழிச்சு கூட வரலாம், ராத்திரி இங்கயே இருக்கட்டும்னுட்டாரு. அவரு அதைச் சொல்லலைன்னா நாங்க கூட்டிட்டு வந்திருப்போம். இதை யாரும் மறந்துராதீங்க, இருமல் நின்னுருச்சுன்னு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துராதீங்க. அவன் அம்மா கொத்தமங்கலத்துல இருந்து வந்து வராண்டாவுல என் பக்கத்துல உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை என்னைத் திட்டல. திட்டியிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு.

செலவும் மூணு வாரக் கூலியும் நாங்க குடுத்தோம். காண்ட்ராக்டர் அப்புறம் போனே எடுக்கல. ஆனா வேலை என் வீட்டுல, சரின்னு சொன்னது நான்.

பாட்டில் ஆசிட் மட்டும்தான் எதிரின்னு நினைச்சுராதீங்க. விசேஷ வீட்டுல பொம்பளைங்க புளி போட்டு குத்துவிளக்கு, அண்டா, நிலைக்கதவு பித்தளைக் குமிழ் எல்லாம் தேய்ப்பாங்க, எலுமிச்சம்பழத் தோலும் போடுவாங்க. புளிப்பு எல்லாமே ஆசிட்தான். பிளீச்சு ஈரம் இருக்கிற இடத்துல புளித்தண்ணி பட்டாலும் அதே வாயு வரும், அளவு கம்மியா இருக்கலாம், மூடின அடுப்படியில அதுவும் போதும். அதே மாதிரி மாட்டுத் தொழுவத்துல, ஒண்ணுக்கு நாத்தம் அடிக்கிற மூலையில பிளீச்சிங் பவுடரைக் கொட்டுறாங்க, மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியாவோட சேந்தா குளோரமீன்னு வேற ஒரு வாயு, அதுவும் நெஞ்சைப் பிடிக்கும். முதல்ல தண்ணி விட்டு நல்லா அலசிட்டு அப்புறம்தான் எதுவும்.

இனி சுவரு கதை. சாந்தி நல்லபடியா முடிஞ்சுச்சு, சுவரு வெள்ளையா இருந்துச்சு, போட்டோ எல்லாம் நல்லா வந்துச்சு. ஆடி பொறக்குறதுக்குள்ள கீழ்ப்பக்கம் இடுப்பு உசரத்துக்கு உப்பு பூக்க ஆரம்பிச்சுது, கையை வச்சா மாவு மாதிரி ஒட்டும். புரட்டாசியில பூச்சு தகடு தகடா பெயர்ந்துச்சு, நூறு வருஷமா நின்ன பூச்சு. ஊர்ல வயசான கொத்தனாரு ஒருத்தரு, எங்க ஐயா காலத்துல இருந்து வீட்டுக்கு வேலை பாத்தவரு, வந்து விரல்ல தொட்டுப் பாத்துட்டு "சுவத்துக்கு உப்பைக் குடிக்கக் குடுத்துட்டீக தம்பி"ன்னாரு. அவரு கெமிஸ்ட்ரி படிச்சதில்ல, ஆனா அப்புறம் நான் விசாரிச்சுப் பாத்தப்ப அதேதான் காரணம்.

நம்ம வீட்டுச் சுவரு சிமெண்டுச் சுவரு இல்ல. செம்புறாங்கல்லும் செங்கலும் வச்சு சுண்ணாம்புச் சாந்துல கட்டுனது, மேல சுண்ணாம்புப் பூச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியில அரைச்சது, உள்பக்கம் முட்டை வெள்ளைக்கரு சேத்து வழுவழுன்னு தேய்ச்சது. இந்தச் சுவரு மூச்சு விடும், ஈரத்தை வாங்கும், வெயில்ல விட்டுரும். ஹைப்போ வேலையை முடிச்சதுக்கு அப்புறம் மிச்சமா நிக்கிறது சாதா உப்பு, நாம சோத்துல போடுறதே. தண்ணியோட சேந்து பூச்சுக்குள்ள போயிரும், காயும்போது உள்ளயே படிகமாகி தள்ளும், மழை வந்தா கரையும், வெயில் வந்தா மறுபடி படிகமாகும், இப்படியே தள்ளித் தள்ளி பூச்சைப் பெயர்த்துரும். பிளீச்சிங் பவுடரும் இதுக்கு மாத்து இல்ல. அதுல கடைசியா மிஞ்சுறதுல கால்சியம் குளோரைடும் ஒண்ணு, அது காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்து வச்சுக்கும். ஈரத்துனால வந்த பாசிக்கு ஈரத்தையே இழுக்குற மருந்து. அடுத்த கார்த்திகையில அதே தடத்துல அதே கறுப்பு திரும்ப வந்துச்சு, முன்ன விட அகலமா.

ஏன்னா அந்தக் கறுப்பு அழுக்கே இல்ல, உயிர். பாசி, பூஞ்சை எல்லாம் கலந்து வளர்றது. பிளீச்சு அதோட நிறத்தை எடுத்துரும், மேல இருக்கிறதைக் கொல்லும், ஆனா தண்ணி ஏன் அங்க வழியுதுங்கிறதைத் தொடவே தொடாது. எங்க வீட்டுல விஷயம் என்னன்னா கூரையில நாட்டு ஓடு ஏழெட்டு உடைஞ்சிருந்துச்சு, தூம்பு வாயில இலை அடைச்சு தண்ணி வெளிய விழாம சுவத்தோட இறங்குச்சு, கைப்பிடிச் சுவத்து விரிசல்ல ஒரு அரசங்கன்னு வேற. கொத்தனாரு இதைச் சரி பண்ண ரெண்டு நாள்தான் எடுத்தாரு. அந்த ரெண்டு நாள் வேலையை மாசியில செஞ்சிருந்தா மத்த எதுவும் நடந்திருக்காது.

மரம் இரும்பு பத்தியும் சொல்லிர்றேன். பர்மாத் தேக்கு நிலையில தெறிச்ச இடமெல்லாம் சாம்பல் நிறமா வெளுத்து, தடவுனா முள்ளு முள்ளா நார் எழும்பி நின்னுச்சு. ஆசாரி வந்து மெல்ல உப்புத்தாள் போட்டு லின்சீடு ஆயில் தடவுனாரு, ஆனாலும் கிட்டப் போய் பாத்தா தெரியும். ஜன்னல் கம்பி நாலே வாரத்துல துரு, பித்தளைக் குமிழ்ல கறுப்புப் புள்ளி. தரையில பதிச்ச பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லுல ஹைப்போவை விட ஆசிட்தான் நாசம் பண்ணுச்சு, அது சுட்ட ஓடு கிடையாது, கண்ணாடி மேல கலர்ச் சாந்து ஊத்தி பின்னாடி சிமெண்டும் மணலும் வச்சு எடுக்கிறது, ஆசிட் பட்டா பொங்கும். அந்தப் பொங்கலைப் பாத்து அழுக்கு போகுதுன்னு சந்தோசப்படாதீங்க, கரையறது கல்லு. முடுக்கு வாசப்படியில ஒரு முழத்துக்கு பூவே அழிஞ்சு போச்சு.

சரி, அப்ப என்ன செய்யலாம். எங்களுக்கு கொத்தனாரு செஞ்சதைச் சொல்றேன். முதல்ல உப்பை வெளிய எடுக்கணும்னு பழைய பேப்பரை நல்ல தண்ணியில ஊற வச்சு கூழாக்கி சுவத்துல ஒரு விரல் கனத்துக்கு அப்பி காய விட்டோம், காயும்போது உப்பு கூழுக்குள்ள வந்துரும், பிச்சு எடுத்து தூரப் போட்டுட்டு மறுபடி அப்பணும், இப்படி நாலு தடவை. முழுசா போகல, பாதிக்கு மேல குறைஞ்சுச்சு. போர்வெல் தண்ணி வேண்டாம், அதுலயே உப்பு இருக்கும், மழைத்தண்ணி வச்சு செஞ்சோம். பெயர்ந்த இடத்தை சிமெண்டு வச்சு அடைக்காம சுண்ணாம்புச் சாந்தே வச்சாரு, சிமெண்டு வச்சா ஈரம் வெளிய வர வழி இல்லாம பக்கத்துப் பூச்சைப் பெயர்க்கும்.

பாசிக்கு அவரு வழி வெயில்தான். பங்குனி சித்திரையில மழை நின்னு நல்லா காஞ்சதுக்கு அப்புறம் பாசி செதில் செதிலா எழும்பும், அப்ப தேங்காநார் பிரஷ்ஷோ மூங்கில் பத்தையோ வச்சு தண்ணியே இல்லாம மெதுவா தேய்ச்சா முக்காவாசி உதிரும், தூசி மூக்குல போகாம மாஸ்க் போட்டுக்கணும். கம்பி பிரஷ்ஷும் வேகமா தண்ணி அடிக்கிற மிஷினும் பழைய பூச்சுக்கு ஆகவே ஆகாது. மிச்சத்துக்கு வெறும் தண்ணி, ரொம்ப வேணும்னா காட்டம் இல்லாத சோப்பு. எதைப் போட்டாலும் முதல்ல கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு சாண் இடத்துல போட்டு ரெண்டு வாரம் பாருங்க. சுதை வேலையை மட்டும் யாரும் நீங்களா தொடாதீங்க, அதுக்குன்னு இருக்கிற ஸ்தபதிகளைக் கூப்பிடுங்க.

அப்புறம் சுண்ணாம்பு. நீத்துன சுண்ணாம்பு காரம் ஜாஸ்தி, காரத்தை அளக்கிற பிஎச் கணக்குல 12க்கு மேல, அதுல பாசி பிழைக்காது. முன்னெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சாங்கள்ல, அது அழகுக்கு மட்டும் இல்ல, வருஷா வருஷம் சுவத்துக்குக் குடுத்த மருந்து. நாமதான் எமல்ஷன் வந்ததும் விட்டுட்டோம். சுண்ணாம்பும் கண்ணுல பட்டா பார்வையே போயிரும், அதனால அதுக்கும் கண்ணாடி போடணும், பக்கத்துல ஒரு வாளி நல்ல தண்ணி இருக்கணும்.

புது சிமெண்டு வீடுதான், பிளீச்சுதான் அடிப்பேன்னு சொல்றவங்களுக்கு: கடையில வாங்குற 5 சதவீதத்துல ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி, அதுக்கு மேல காட்டம் வேண்டாம், கேன் சரக்குன்னா இன்னும் ரெட்டிப்புத் தண்ணி. சுவத்தையும் செடியையும் முதல்ல நல்லா நனைச்சிருங்க, அப்பதான் உறிஞ்சாது. தலைக்கு மேல ஸ்பிரே பண்ணாதீங்க, ஏணி மேல நின்னுக்கிட்டு பண்ணவே பண்ணாதீங்க, கையெல்லாம் சோப்பு மாதிரி வழுக்கும். ரப்பர் கிளவுஸ், கண்ணைச் சுத்தி மூடுற கண்ணாடி, முழுக்கை சட்டை. துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. பத்து நிமிசத்துல நிறைய தண்ணி விட்டு அலசிருங்க, அலசுன தண்ணி எங்க போகுதுன்னு முதல்லயே பாத்து வச்சுக்கங்க. அன்னைக்கு அந்த வீட்டுக்குள்ள ஆசிட் பாட்டில் ஒண்ணு கூட வெளிய இருக்கக் கூடாது, எடுத்துப் பூட்டிருங்க. வேலைக்கு வர்றவங்ககிட்ட நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க, காண்ட்ராக்டர் சொல்லியிருப்பாருன்னு நினைக்காதீங்க.

அந்தப் பையன் இப்ப அந்த வேலைக்குப் போறதில்ல. மார்கழிப் பனியில மட்டும் கொஞ்சம் இருமல் வருதுன்னான். கொத்தனாருக்கு கையாளா சேந்துட்டான், சுண்ணாம்பு நீத்துறதுல இருந்து சாந்து அரைக்கிறது வரைக்கும் கத்துக்கிட்டான். போன தையில எங்க முகப்புக்கு வெள்ளையடிச்சது அவங்க ரெண்டு பேரும்தான். யானை வரைக்கும் வந்து நின்னு "இதுக்கும் நீலம் தொட்டு விடவாண்ணே"ன்னு கேட்டான். பெரியாத்தா திண்ணையில இருந்தே வேண்டாம்னுட்டாக, அப்படியே விட்டுட்டோம்.